விதோயேவின் இடது காது

என் தங்கை கோசாராவின் கணவன் விதோயேவைப் போல ஒரு ஜம்பக்காரனை மொராவா ஆற்றின் இரண்டு கரையிலும் நான் பார்த்ததில்லை. முப்பது வருடம் டவுன் பஸ் ஓட்டியவன். ஆனால் அவனைக் கேட்டால், கல்யாணங்களில் கைகோத்து ஆடும் கோலோ ஆட்டத்துக்கு முதல் ஆளாக நின்று வரிசையை இழுத்துப் போவதுதான் தன் தொழில் என்பான். அழைக்காத கல்யாணங்களிலும் இழுத்திருக்கிறான்.

போன மார்ச்சில் ஒரு காய்ச்சல் வந்து போனது. மறுநாள் கண் விழித்தவனுக்கு அறையே சுழன்றது. மூன்று நாள் ஆஸ்பத்திரியில் வாந்தி. சுழற்சி நின்றது, தள்ளாட்டம் நிற்கவில்லை. தலையைத் திருப்பினால் தெரு ஆடியது. இடது காதின் சமநிலை நரம்பு கெட்டுவிட்டது, பயிற்சி செய்தால் மூளை பழகிக்கொள்ளும் என்றார் டாக்டர். பஸ் ஜன்னல் காற்றுதான் காரணம் என்றான் விதோயே. ஓய்வு பெற்று இரண்டு வருடமாகியும் அந்தக் காற்று அவன் காதிலேயே குடியிருந்ததாம்.

நான்தான் அவனைச் சுகாதார நிலையத்துக்கு இழுத்துப் போனேன். பிசியோதெரபிஸ்ட் தெசான்கா பெரிதாக ஒரே ஒரு எழுத்து அச்சிட்ட காகிதத்தைச் சுவரில் ஒட்டினாள்.

"கண்ணு இந்த எழுத்துலயே இருக்கணும். தலைய மட்டும் இடதும் வலதுமா ஆட்டுங்க. ஒரு நிமிஷம். தினம் அஞ்சு தடவை."

பத்து வினாடியில் அவன் முகம் வெளுத்தது. "தலை சுத்துதும்மா."

"சுத்தட்டும். சுத்தினாத்தான் மூளை கத்துக்கும்."

"தலை சுத்துதுன்னு வந்தவனுக்குத் தலைய ஆட்டச் சொல்றதுதான் வைத்தியமா? இதுக்கா நீ படிச்சே?" என்று எழுந்தான். கதவு நிலையில் தோள் இடிக்க வெளியேறினான்.

அதன்பின் நான்கு மாதம், தலையில் முட்டைக்கூடை சுமப்பவன் போலக் கழுத்தை அசைக்காமல் சோபாவில் உட்கார்ந்திருந்தான். அவன் காதில் காற்றுப் படக்கூடாதென்று ஜூலை வெயிலில் கோசாரா எல்லா ஜன்னல்களையும் சாத்தி வைத்தாள். அவளும் லேசுப்பட்டவள் அல்ல. ஈயம் உருக்கிப் பயம் எடுக்கிற பெண்ணை வரவழைத்தாள். தண்ணீரில் விழுந்த ஈயத்தில் நாய் தெரிகிறது, நாயைக் கண்டு பயந்ததால் வந்த வினை என்றாள் அந்தப் பெண். அன்று முதல் பக்கத்து வீட்டு நாயை விதோயே முறைக்கத் தொடங்கினான். தெசான்காவிடம் திரும்பப் போகலாம் என்று மட்டும் இருவரில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

ஆகஸ்டில் என் மகளின் கல்யாணம். அக்கார்டியன் இசை எழும்பியதும் அவனும் எழுந்தான்.

"உக்காரு மாப்ளே," என்றேன்.

"நீங்க சும்மா இருங்க மச்சான். கால் என்னோடது."

கோலோவின் நான்காவது அடியில் வரிசை இடப்பக்கம் திரும்பியது. அவன் திரும்பவில்லை. அக்கார்டியன்காரன் மேலேயே சரிந்தான்.

"ஆரம்பத்துலயே இவ்வளவு ஏத்திட்டானா?" என்றார் கல்யாண மாப்பிள்ளையின் பெரியப்பா. எல்லோரும் சிரித்தார்கள்.

"ஒரு சொட்டு குடிக்கலைய்யா. வேணும்னா ஊதிக் காட்டறேன்," என்றான் தரையிலிருந்து. மயக்கத்துக்குப் பயந்து பிளம் சாராயத்தை அவன் மாதக்கணக்கில் தொடவில்லை. அதை நம்ப அங்கே ஒருவரும் இல்லை. விழுந்ததற்கு அவன் அழவில்லை, இதற்குத்தான் அழுதான். திங்கட்கிழமை தானாகவே போய் தெசான்காவின் கதவைத் தட்டினான்.

அவள் குத்திக்காட்டவில்லை. நானாக இருந்தால் விட்டிருக்க மாட்டேன். எழுத்தை ஒட்டினாள். பிறகு மெத்தையில் கண்மூடி நிற்க வைத்தாள், தலையைத் திருப்பிக்கொண்டே நடக்க வைத்தாள். வீட்டிலும் ஐந்து வேளை தவறாமல் ஆட்டினான். நவம்பரில் ஒரு கல்யாணத்தில் கோலோவை முதல் ஆளாக இழுத்தான். விழவில்லை.

அன்றைக்குச் சாப்பாட்டு மேஜையில் ஒருவர் தெசான்காவைப் புகழ்ந்தார்.

"அவ என்ன பண்ணினா? சொவத்துல காகிதம் ஒட்டினா. தலைய ஆட்டினது நான்," என்றான் விதோயே, ஆட்டுக்கறியைக் கடித்தபடி.

இருட்டில் மட்டும் இன்னும் கொஞ்சம் தள்ளாடுகிறான். வீடு திரும்பும்போது பாசம் பொங்குவது போல என் தோளில் கை போட்டுக்கொள்வான். கனமான கைதான். தட்டிவிடுவதில்லை.