ஈரக் கை

கணினியில் இடமில்லை என்று மகள் கூப்பிட்டாள். எது அதிக இடம் பிடிக்கிறது என்று பார்த்து ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டு வந்தவன், மகள் தவழும் ஒரு பழைய வீடியோவில் நின்றுவிட்டேன்.

மலேசியாவில் லூனாஸ் ஊர் வீட்டில் இருந்தபோது எனக்குப் பதின்மூன்று வயது. அப்பா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிப் பால் எடுத்துவிட்டு வந்து, ரப்பர்பால் வாடை போகக் கை கழுவி, கணினி முன் உட்காருவார். அவருக்குத் தெரிந்தது ஒன்றுதான்: மாமா எடுத்துக் கொடுத்த வீடியோவை இரண்டு முறை தட்டித் திறப்பது. அதில் தோட்டத்துக் கோயில் திருவிழாவில் அம்மா பால்குடம் ஏந்தி நடப்பாள். அம்மா இறந்து ஒரு வருடம் ஆகியிருந்தது.

பந்து விளையாட்டு ஒன்றை ஏற்ற இடம் போதவில்லை. என்னவென்று தெரிந்தேதான் அந்த வீடியோவை அழித்தேன். மாமாவிடம் இன்னொன்று இருக்கும் என்று நினைத்தேன். இல்லை.

மறுநாள் அப்பா தேடினார்.

"என்னாய்யா, அம்மாவக் காணோம்?"

அவர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டார்.

"ஈரக் கையோட தொட்டேன்லா, அதான் போயிருச்சு."

இப்போது அப்பா என் பின்னால்தான் நிற்கிறார்.

"இது வேணுமான்னு நீங்களே தட்டிப் பாருங்கப்பா" என்றேன்.

கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"நான் தொட வேணாம்யா. இதுவும் போயிரும்."