பேனல் கழுவச் சொல்லும் மெசேஜ்

பதினோரு வருடம் சிறுசேரியில் இன்சூரன்ஸ் மென்பொருள் எழுதினேன். யாருடைய விண்ணப்பத்தை எந்தக் காரணம் சொல்லித் தள்ளுபடி செய்யலாம் என்று கணினிக்குச் சொல்லித் தருவதுதான் அதில் பாதி வேலை. அலுத்துப்போய், சூரிய மின்சாரக் கம்பெனி ஒன்றுக்கு மாறினேன். இனிமேல் நல்ல காரியத்துக்காக உழைக்கப் போகிறேன் என்று புதுப்பட்டினத்தில் எங்கள் குடியிருப்பு முழுக்கச் சொல்லிவிட்டேன். கல்பாக்கத்தில் அணு ஆராய்ச்சிப் பணியிலிருக்கும் என் கணவர் மட்டும், "அப்ப நாங்க பண்றது கெட்ட காரியமா?" என்று சிரித்தார்.

ஜன்னலில்லாத ஓர் அறையில் உட்கார்ந்து வெயிலைப் பற்றிப் புரோகிராம் எழுதினேன். பேனல்களில் தூசி படிந்தால் மின்சாரம் குறையும். எப்போது கழுவ வேண்டும் என்று என் புரோகிராம் கணக்குப் போட்டு, கழுவுகிறவர்களின் போனுக்குத் தானே மெசேஜ் அனுப்பிவிடும். கண்ணாடி சூடேறுவதற்குள் முடிக்க வேண்டுமென்பதால், விடியற்காலை நாலரை மணி என்று நேரம் வைத்ததும் நான்தான்.

என் போனும் அதோடு கட்டப்பட்டிருந்தது. எந்த ஊரில் எது நின்றாலும் அலறும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமல்லபுரத்துக் கடலில் கால் நனைத்த மகளை அவள் அப்பாவிடம் விட்டுவிட்டு, மணலிலேயே லேப்டாப்பைத் திறந்தேன். வேலையை விட்டுவிடலாம் என்று அடிக்கடி தோன்றியது. ஊரெல்லாம் சொல்லிவிட்டு எந்த முகத்தோடு பழைய கம்பெனிக்குப் போவது?

பங்குனியில், படாளத்துக்குப் பக்கத்தில் எங்கள் கம்பெனி பேனல்கள் போட்டிருந்த இடத்திலிருந்து வந்த மின்சார அளவுகள் தாறுமாறாக இருந்தன. முதல்முறையாக நேரில் போனேன். இன்வெர்ட்டர் அறை என்பது கன்டெய்னர் மாதிரி ஓர் இரும்புப் பெட்டி. உள்ளே நுழைந்ததும் காற்றில் கதவு சாத்திக்கொண்டது. உள்பக்கக் கைப்பிடி சும்மா சுற்றியது. போனில் சிக்னல் இல்லை. விசிறிகளின் இரைச்சலில் நான் கதவைத் தட்டியது எனக்கே கேட்கவில்லை. மகளைப் பள்ளியிலிருந்து யார் அழைத்து வருவார்கள் என்றுதான் மனதில் ஓடியது. அழுதேன்.

ரொம்ப நேரம் கழித்துக் கதவைத் திறந்தவர் என் வயதுப் பெண். கருங்குழிக்காரர். விடியலில் பேனல் கழுவிவிட்டு, பகலில் பேனல் வரிசைகளுக்கு நடுவே புல் அறுப்பவர்.

"இன்னா மேடம், உள்ளயே மாட்டிக்கினீங்களா? அந்தக் கைப்பிடி போயி ரொம்ப நாளாவுது. கல்லு வெச்சிட்டுத்தான் உள்ள போவணும்."

பேனல் நிழலில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார். பிறகு கேட்டார்: "ஆபீஸ்ல அந்த மெசேஜ் அனுப்பறது யாரு மேடம்?"

"ஏங்க?"

"பொழுது சாஞ்சப்புறம் வருது, விடிகாலைல வான்னு. வூட்ல கொயந்த கீது. யாருகிட்ட வுட்டுட்டு வர்றது? கொஞ்சம் முன்னாடி சொன்னா இன்னா?"

"கம்ப்யூட்டர் தானா அனுப்புதுங்க" என்றேன்.

"ஓ" என்றார். நம்பிவிட்டார். அதுதான் தாங்க முடியவில்லை.

மறுநாள் மேலாளரிடம் பேசினேன். சாயங்கால அளவு வந்தால்தான் கணக்கு சரியாக இருக்கும் என்றார். நான் விடவில்லை. மூன்று வாரம் மல்லுக்கட்டியபின் மெசேஜ் முந்தின நாள் மதியமே போக ஆரம்பித்தது. கைப்பிடியையும் மாற்றினார்கள்.

அடுத்த முறை படாளம் போனபோது அவரைத் தேடிப்போய்ச் சொன்னேன். "அந்த மெசேஜ் அனுப்பறது நான்தாங்க. அன்னிக்குப் பொய் சொல்லிட்டேன்."

அரிவாளைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "இப்ப மத்தியானமே வருதே, அதுவும் நீதானா?"

"ஆமா."

"அப்ப ஞாயித்துக்கெழம மட்டும் வோணாம்னு போடு."

கேட்டுப் பார்க்கிறேன் என்றேன். கேட்டேன். "உற்பத்தி குறைஞ்சா கஸ்டமருக்கு நீங்க பதில் சொல்வீங்களா?" என்றார் மேலாளர்.

அந்த வார ஞாயிறு நாலரைக்கு எனக்கு விழிப்பு வந்துவிட்டது. மகள் பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தாள். படாளத்தில் இந்நேரம் தண்ணீர்க் குழாயை இழுத்துப் போட்டிருப்பார்கள். இன்னும் அந்தக் கம்பெனியில்தான் இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை விடுமுறையை மேலாளரிடம் இதுவரை இரண்டு தடவை கேட்டாயிற்று.