எள் பகையான நாள்

பவானிபூரில் வாசுகியின் கடைக்குப் பெயர் வாங்கித் தந்தது இட்லிப் பொடிதான். எள்ளும் உளுந்தும் மிளகாயும் வறுத்து அரைத்ததும், உள்ளங்கையில் ஒரு சிட்டிகை வைத்து நக்கி, கண்ணை மூடிக்கொள்வாள். அவள் தலையாட்டினால்தான் பொடி டப்பாவுக்குப் போகும். இருபது வருடமாக அந்த நாக்கை நம்பித்தான் கடை ஓடியது.

துர்கா பூஜை முடிந்த வாரத்தில் உடம்பு தடித்துச் சிவக்கத் தொடங்கியது. நமைச்சல் என்றால் கத்தரிக்காயும் கருவாடும்தானே? இரண்டையும் நிறுத்தினாள். தோசை, பொடி, நல்லெண்ணெய் என்று பத்தியம் இருந்தாள். தடிப்பு கூடியது. ஒரு காலை, பொடியை நக்கிய சற்றைக்கெல்லாம் உதடு வீங்கித் தொண்டை அடைத்தது. கணவர் நாகரத்தினம் டாக்ஸியில் அள்ளிப் போட்டுக்கொண்டு ஓடினார். ஊசி போட்ட பிறகே மூச்சு சீரானது.

பரிசோதனை முடிந்ததும், எள்தான் காரணம் என்றார் டாக்டர் நந்திதா.

"இருபது வருஷமா திங்கிறேனே, டாக்டர்!"

உடம்பின் காவல், எள்ளில் உள்ள புரதத்தைத் தவறாகப் பகையென்று குறித்துக்கொள்ளுமாம். அப்போது ஒன்றுமே தெரியாது. மறுபடி அதைக் கண்டால்தான் போர். அந்தப் போரில் எழுவதே வீக்கமும் தடிப்பும். ஏன் திடீரென்று என்பதை உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். இனி எள்ளைத் தின்னவும் கூடாது, வறுக்கும் இடத்தில் நிற்கவும் கூடாது.

திரும்பும் வழியில் பஸ் ஜன்னலில் மாலை வெயில் மிதந்தது. உடம்பு அந்த முடிவை எடுத்தது எந்த நாள்? அன்று அவள் சிரித்துக்கொண்டிருந்தாளா, தூங்கிக்கொண்டிருந்தாளா? தனக்குள்ளேயே தனக்குத் தெரியாமல் ஒருத்தி விழித்திருந்ததுபோல் இருந்தது.

"இனிமே நான் ருசி பாக்கேன்," என்றார் நாகரத்தினம்.

"உங்க நாக்கா? உப்பில்லாத சாம்பார ரெண்டாந்தடவ வாங்கி ஊத்திக்கிட்ட நாக்குல்ல அது!"

"நீ கோவிச்சுக்குவியேன்னு ஊத்துனேன்."

எள் மூட்டை கடையைவிட்டுப் போனது. பழைய சட்டியும் மிக்ஸியும் போயின. புதுச் சட்டியில் கறிவேப்பிலை, பூண்டு, உளுந்து, மிளகாய் வறுபட்டன. அரைத்து, உள்ளங்கையில் வைத்து, நக்கிக் கண்ணை மூடினாள். நாகரத்தினம் அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். வாசலில் ஒரு ஆட்டோ வந்து நின்று, ஆள் இறங்கி, போயும் விட்டது. உதடு உதடாகவே இருந்தது.

"எப்படி?"

"எள்ளு இல்லாத குறை தெரியுது." கண்ணைத் திறந்தாள். "உப்பு சரியா இருக்கு. டப்பாவ எடுங்க."