பாய்லர் போச்சு

ஒரு காபிக் கடை மூடப்போகிறது என்பது கடைக்காரருக்கே உறைப்பதற்கு முன்னால் கழுகுக்குத் தெரிந்துவிடும். கொட்டை அரைக்கும் இயந்திரத்தின் தட்டுகள் மழுங்கி, தூள் ஒரு சீராக விழாமல் பொடியும் குருணையுமாக விழும். அதைப் பார்த்தும் மாற்றாமல் ஒருவர் ஓட்டிக்கொண்டிருந்தால், அவர் மனதுக்குள் கடையை மூடிவிட்டார் என்று அவள் முடிவு கட்டிவிடுவாள். ஒரு காபி சொல்லிவிட்டு மெஷினின் பக்கவாட்டுத் தகட்டை ஓரக்கண்ணால் படிப்பாள். எந்த மாடல், எந்த வருஷத்துச் சரக்கு, உள்ளே எதைக் கழற்றலாம். கடைசி நாளில் கடைக்காரர் நாற்காலிகளை வெளியே எடுத்து வைக்கும்போது வாசலில் ஸ்பேனர் பையோடு நிற்பாள். எரிகிற வீட்டில் பிடுங்கினது லாபம் என்பார்களே, அது அவளுக்குப் பழமொழி இல்லை, பிழைப்பு.

எஸ்பிரஸோ மெஷினுக்கும் அரவை இயந்திரத்துக்கும் பழைய உதிரிப் பாகம் தேடித் தருவதுதான் அவள் தொழில். புதிய மெஷினுக்குப் பாகம் கம்பெனியில் கிடைக்கும். பழசுக்குக் கேட்டால் "அதெல்லாம் நிறுத்தியாச்சுங்க" என்று போனை வைத்துவிடுவார்கள். அங்கேதான் இவள் வேலை ஆரம்பிக்கும். டயர் கிடங்குக்குப் பின்னால் ஒரு நீள அறை. சுவர் நெடுக பெயிண்ட் டப்பாக்கள். ஒன்றில் வால்வு, ஒன்றில் ஸ்பிரிங், ஒன்றில் ரப்பர் வளையம். உப்புப் படிவைக் கரைக்கும் ஆசிட்டின் நெடி வாசலிலேயே மூக்கைச் சுடும். அவளுக்கு அந்த நெடி பழகிப்போய் வருஷக்கணக்காகிறது. கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. அம்மா அவளோடு இருந்தாள்.

கழுகு என்ற பெயரை வைத்தது ஊரார் இல்லை, கூடப் பிறந்த தம்பி.

தம்பி ஆள் பார்க்க லட்சணமாக இருப்பான், பேச்சில் தேன் ஒழுகும். சாலை முக்கில் பெரிய கண்ணாடி ஜன்னல் வைத்த காபிக் கடை அவனுடையது. கடைக்கே அழகு அங்கிருந்த மெஷின்தான். இரண்டு நெம்புகோல் வைத்த பழைய மாடல், உள்ளே செம்பு பாய்லர். பூட்டிக் கிடந்த ஒரு தியேட்டர் கேன்டீனில், புறா எச்சத்துக்கு அடியிலிருந்து அதைக் கண்டெடுத்தவள் அக்காதான். ஒவ்வொரு ஆணியாகக் கழற்றி, ஊறவைத்து, தேய்த்து, பாகம் தேடிப் போட்டு உயிர் கொடுத்தவளும் அவள்தான். வருகிறவர்கள் அதைப் போட்டோ எடுப்பார்கள். "எங்கே பிடிச்சீங்க இதை?" என்று கேட்டால் தம்பி சிரித்துக்கொண்டே, "அலைஞ்சு திரிஞ்சு நானே கண்டுபிடிச்சேன்" என்பான்.

ஒரு நாள் சாயங்காலம், கடை நிறையக் கூட்டம் இருக்கும்போது, கசிகிற ரப்பர் வளையத்தை மாற்ற அவள் போனாள். தம்பி கையைத் தட்டி எல்லோரையும் திரும்பிப் பார்க்க வைத்தான்.

"இவங்கதான் நம்ம கழுகு. எந்தக் கடை சாகப்போகுதுன்னு மோப்பம் பிடிச்சு வந்துடுவாங்க. ஆனா பயப்படாதீங்க, நம்ம கடைக்கு ரிப்பேர் பாக்கத்தான் வந்திருக்காங்க!"

கடையே சிரித்தது. அவளும் சிரித்தாள். அடுக்களைப் பக்கம் போனதும் தம்பி குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"அக்கா, இனிமே பின்பக்கமா வந்துடேன். கையெல்லாம் கரி. வர்றவங்களுக்கு ஒரு மாதிரியா இருக்கு."

"சரிடா" என்றாள். வளையத்தை மாற்றிவிட்டுப் பின்பக்கமாகவே போய்விட்டாள். அம்மாவிடம்கூட இதைச் சொல்லவில்லை.

அந்த வருஷக் கோடையில் ஒரு பெரிய ஓட்டலின் மேனேஜர் அவளைத் தேடி வந்தார். மூக்கைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டே உட்கார்ந்தார். ஓட்டல் முகப்பில் முதலாளியின் அப்பா வாங்கி வைத்த ஒரு மெஷின். பாய்லரில் ஓட்டை விழுந்துவிட்டது. வெல்டிங் வைத்துப் பார்த்தார்கள், பக்கத்திலேயே இன்னொரு ஓட்டை. புது மெஷின் வாங்க முதலாளி சம்மதிக்கவில்லை. மேனேஜர் போட்டோவைக் காட்டினார். தம்பி கடையில் இருக்கும் அதே மாடல்.

"இந்த பாய்லர் எங்கயும் இல்லை சார்" என்றாள்.

"ஊர்லயே இல்லையா?"

"ஒண்ணு இருக்கு. ஆனா அது நடக்குற கடை."

மேனேஜர் கைக்குட்டையை எடுத்துவிட்டுச் சிரித்தார். "நடக்குற கடையெல்லாம் எப்பவும் நடந்துக்கிட்டேவா இருக்கு? பாருங்க மேடம். கிடைச்சா எங்க எல்லா ஓட்டல் மெஷினையும் நீங்களே பாத்துக்கலாம்."

அந்தப் பேச்சை அப்படியே விட்டுவிட்டதாகத்தான் பிறகு சொன்னாள்.

தம்பி கடை மெஷின் தானாகத்தான் நின்றது. அதில் அவள் கை இல்லை. ஒரு காலையில் தண்ணீர் சூடாகவில்லை என்று போன் வந்தது. பின்பக்கமாகப் போய், மூடியைக் கழற்றி, டார்ச் அடித்துப் பார்த்தாள். நீராவி அழுத்தத்தைப் பார்த்து மின்சாரத்தைப் போட்டு அணைக்கும் சின்ன சுவிட்ச் கருகிப் போயிருந்தது. அதே சுவிட்ச் அவள் பையில் இருந்தது. டீக் குடிக்கிற நேரத்தில் மாற்றிவிட்டு எழுந்து போயிருக்கலாம்.

தம்பி பின்னால் நின்றுகொண்டு, "என்ன, இவ்வளவு நேரமா முறைச்சுப் பாக்குற? கழுகுக்குப் பசிக்குதா?" என்றான். வேலைக்கிருந்த பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

அவள் டார்ச்சை அணைத்தாள்.

"பாய்லர் போச்சு."

வாயிலிருந்து விழும்வரை அப்படிச் சொல்லப்போகிறோம் என்று தனக்கே தெரியாது என்று பின்னாளில் அம்மாவிடம் சத்தியம் பண்ணினாள். அம்மா நம்பவில்லை. கதை சொல்கிற நானும் நம்பவில்லை.

தம்பியின் முகம் செத்துவிட்டது. "வெல்டிங் வைக்க முடியாதாக்கா?"

"வைக்கலாம். அழுத்தம் தாங்காம வெடிச்சா? தினமும் அது முன்னாடி நிக்கிறது உன் பொண்டாட்டிதானே?"

அதற்கு மேல் அவன் கேட்கவில்லை. வேறு பாய்லர் தேடச் சொன்னான். "உலகத்துலயே இல்லைடா" என்றாள். அந்த ஒன்றுதான் அன்று அவள் சொன்ன உண்மை.

பழசை உள்ளே நகர்த்திவிட்டு, வாடகைக்கு ஒரு சின்ன மெஷின் பிடித்துச் சமாளித்துப் பார்த்தான். காபி வெந்நீர் மாதிரி வந்தது. வந்தவர்கள் செம்பு மெஷின் இருந்த இடத்தைப் பார்த்துவிட்டு எதிர்க்கடைக்கு நடந்தார்கள். கடைசியில் செம்பு மெஷினைப் பழைய இரும்பு விலைக்கு அக்காவிடமே கொடுத்தான். அவளும், அவளிடம் கூலிக்கு வரும் வெல்டரும் தூக்க வந்தபோது ஈரத் துணியால் அதை மூலை முடுக்கெல்லாம் துடைத்துக்கொண்டிருந்தான்.

"உடைக்கப்போற சாமான்தானே, எதுக்குத் துடைக்கிற?" என்றாள் அக்கா.

"சும்மா" என்றான்.

அறைக்குக் கொண்டுவந்து பாய்லரை வெளியே எடுத்ததும் வெல்டர் விரலால் சுண்டிப் பார்த்தான். மணி மாதிரி ஒலித்தது. "என்னம்மா இது, புதுக் குடம் மாதிரி இருக்கு? இதையா போச்சுன்னீங்க?"

"உன் வேலையைப் பாரு."

ஓட்டல் மெஷின் உயிர் பெற்றது. மேனேஜர் சொன்ன வாக்கைக் காப்பாற்றினார். தம்பி கடை படுத்துவிட்டது. மூடுகிற நாளன்று அவள் போகாமல் இருந்திருக்கலாம். ஆனால் அங்கே ஒரு நல்ல அரவை இயந்திரம் இருந்தது, போனாள். ஸ்பேனர் பையைப் பார்த்ததும் தம்பி மனைவி நாற்காலியைத் தொப்பென்று கீழே வைத்தாள்.

"வாங்க அண்ணி. எல்லாரோட கடைக்கும் வர்ற மாதிரி நம்ம கடைக்கும் வந்துட்டீங்க."

வெல்டர் வாயில் எதுவும் தங்காது. பாய்லர் நன்றாக இருந்த சங்கதி தம்பி மனைவியின் காதுக்கு வந்ததும் அவள் பட்டப்பகலில் சந்துக்குள் வந்து நின்றாள். டயர் கிடங்கு ஆட்கள் வேலையை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள்.

"பாய்லர் நல்லா இருந்துச்சாமே அண்ணி?"

கழுகு மறுக்கவில்லை. "ஆமா."

"அப்புறம் ஏன்?"

"ஓட்டல்ல கேட்டாங்க."

"கேட்டா குடுத்துடுவீங்களா? நாளைக்கு உங்க தம்பியோட கிட்னி வேணும்னு எவனாச்சும் கேட்டா?"

கழுகு கையிலிருந்த வால்வைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "மாடல் பொருந்துதான்னு பாக்கணும்."

டயர் கிடங்கில் சிரிப்பு வெடித்தது. தம்பி மனைவி அழுதுகொண்டே போனாள். வேடிக்கை என்னவென்றால், அந்தப் பதில் தொழில் வட்டாரம் முழுக்கப் பரவி அவளுக்கு வேலையைக் கூட்டியது. "தம்பி கடையையே பிரிச்சுப் போட்டவ. அவ இல்லைன்னு சொன்னா அது நெசமாவே இல்லை" என்று மெச்சிக்கொண்டு புதுப்புது ஆட்கள் வந்தார்கள். அவள் பெயர் கெட்டுப்போகும் என்று காத்திருந்த தம்பி மனைவிக்கு அதுதான் இரண்டாவது அடி.

தம்பி சண்டைக்கு வரவில்லை. வேலை கேட்டு வந்தான்.

"ஓட்டல்ல அந்த மெஷின் பழகின ஆள் வேணுமாமே. ஒரு வார்த்தை சொல்லி விடுக்கா."

அவள் சொன்னாள். அவனைச் சேர்த்துக்கொண்டார்கள். கறுப்புச் சட்டை, கழுத்தில் டை. தன் பாய்லரில் கொதித்த தண்ணீரில் அடுத்தவன் ஓட்டலுக்குக் காபி போட்டான். அவள் மாதாமாதம் பார்வையிடப் போகும்போது தள்ளி நின்று வழிவிடுவான். முகத்தில் ஒன்றும் தெரியாது. வயிறு இருக்கிறது, வேலை கிடைத்தது, கணக்கு தீர்ந்தது என்று அவள் நினைத்துக்கொண்டாள். தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு. அவளுக்குத் தெரிந்த உறவு அவ்வளவுதான்.

ஓட்டலில் கூட்டமில்லாத ஒரு வாரம் பார்த்து, சுத்தம் பண்ணவேண்டும் என்று மெஷினை நிறுத்தி, உப்புப் படிவு எடுக்கும் ஆசிட்டைத் தண்ணீர் கலக்காமல் பாய்லருக்குள் ஊற்றி வைத்தான் தம்பி. நாள் கணக்கில் ஊறவிட்டு, பிறகு பல தடவை அலசிவிட்டு, ஒன்றும் நடக்காதது போல வேலையைத் தொடர்ந்தான். மழைக்காலம் தொடங்கும்போது மெஷினுக்கு அடியில் தண்ணீர் தேங்கியது. கழுகைக் கூப்பிட்டார்கள்.

அவள் திறந்து பார்த்தாள். செம்பு உள்பக்கம் அம்மைத் தழும்பு விழுந்த முகம் மாதிரி குழி குழியாக இருந்தது. தகடுகளைப் பற்றவைத்த இணைப்பெல்லாம் விட்டுப்போயிருந்தது. இது தானாக வந்த கேடு இல்லை என்று பார்த்தவுடனே தெரிந்தது. திரும்பினாள். தம்பி கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"என்னக்கா, பாய்லர் போச்சா?"

அவனே ஆசையாகத் துடைத்துத் துடைத்து வைத்த மெஷினின் பாய்லர். அவள் ஆணி ஆணியாக உயிர் கொடுத்த மெஷினின் பாய்லர். இரண்டு பேருக்கும் அதைவிடப் பிடித்த பொருள் உலகத்தில் இருந்ததில்லை. அதை அவன் கொன்றிருந்தான். தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள். அவளுக்கு ஆடியது கோபத்தில்தான்.

மேனேஜர் வந்ததும் சொல்லிவிட்டாள். "ஆசிட் ஊத்தியிருக்காங்க சார். வேணும்னே."

"யாரு?"

"இதைத் தொடுறது ஒரே ஆள்தானே."

மேனேஜர் தம்பியைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். "இவரைக் கூட்டிட்டு வந்தது நீங்கதானே மேடம்? உங்க குடும்பச் சண்டைக்கு எங்க ஓட்டல்தான் கிடைச்சுதா? ரெண்டு பேரும் வெளிய போங்க."

போனார்கள். ஓட்டலில் பொத்தான் அமுக்கினால் காபி ஊற்றும் ஒரு புது மெஷின் வந்து உட்கார்ந்தது. முதலாளிக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டதாம்.

அம்மா மகள் மேல் வெறுப்பாகி மகன் வீட்டுக்குக் குடிபோனாள். அங்கே மருமகள் ஒரு பாயைக் காட்டி, "அவங்களைப் பெத்ததும் நீங்கதானே அத்தை" என்று மட்டும் சொன்னாள். அதைத் தினமும் சொன்னாள். சோறு போடும்போது சொன்னாள், மாத்திரை கொடுக்கும்போது சொன்னாள்.

வேறு வேலை கிடைக்காத தம்பி அக்காவின் தொழிலையே எடுத்துக்கொண்டான். பாகம் தேடுகிற பொறுமை அவனிடம் இல்லை. ஆனால் பேச்சு இருந்தது. கடை கடையாகப் போய் மெஷினைத் திறந்து பார்த்து, நல்லதைக் கெட்டது என்பான், கெட்டதைப் புதிது என்று விற்பான். அக்காவிடம் கற்றது ஒன்றே ஒன்றுதான். அதை அவளைவிட நன்றாகச் செய்தான்.

அம்மா ஆஸ்பத்திரியில் படுத்தபோது இருவரும் ஒரே அறையில் இருக்கவேண்டி வந்தது. கட்டிலுக்கு இந்தப் பக்கம் ஒரு ஸ்டூல், அந்தப் பக்கம் ஒரு ஸ்டூல். தம்பிதான் முதலில் வாயைத் திறந்தான்.

"பெரிய அரவை மெஷினுக்குத் தட்டு இருக்கா உன்கிட்ட?"

"எந்த அளவு?"

சொன்னான்.

"இருக்கு. ஆள் அனுப்பு."

அம்மா கண்ணைத் திறந்தாள். காய்ந்த உதட்டில் சிரிப்பு வந்தது. ஒரு கையால் மகளையும் ஒரு கையால் மகனையும் தேடினாள்.

"பேசிட்டீங்களேடா ரெண்டு பேரும். போதும். எனக்கு அது போதும்."

இருவரும் கையைக் கொடுத்தார்கள். அம்மா தூங்கும்வரை எடுக்கவில்லை.

மறுநாள் தம்பியின் ஆள் வந்தான். கழுகு ஒரு டப்பாவைத் துழாவி, பல்லெல்லாம் தேய்ந்துபோன தட்டு ஒரு ஜோடியைச் சாணை பிடித்து, எண்ணெய் தடவி, பளபளவென்று காகிதத்தில் சுற்றிக் கொடுத்தாள். தம்பி பிரித்துப் பார்த்தான். நகத்தால் ஒரு முறை வழித்ததுமே தேய்ந்த சரக்கு என்று தெரிந்துவிட்டது. திருப்பி அனுப்பவில்லை. புருஷன் போனபின் ஒண்டியாகக் கடை நடத்தும் ஒருத்திக்கு அதைப் புதிது என்று மாட்டிவிட்டு வந்தான்.

மழை ஓய்ந்ததும் அந்தப் பெண்ணின் கடையில் தூள் பொடியும் குருணையுமாக விழ ஆரம்பித்தது. ஒரு நாள் மத்தியானம் கழுகு அங்கே போய் உட்கார்ந்து ஒரு காபி சொன்னாள்.