மூன்றாவது தெருவும் தேசத்தில்தான் இருக்கிறது

போன வாரம் பல் வைத்தியரிடம் போயிருந்தேன். காத்திருக்கும் அறையில் தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது. எட்டுப் பேர் எட்டுக் கட்டங்களுக்குள் இருந்துகொண்டு, நம் நாட்டில் ஜனநாயகம் பிழைக்குமா பிழைக்காதா என்று ஒரே நேரத்தில் கத்தினார்கள். என் பக்கத்தில் கன்னம் வீங்கி உட்கார்ந்திருந்தவர், “இதுக்குப் பல்லு வலியே தேவலங்க” என்றார். இவர்களுக்கு நடுவில் மணி அடிக்க ஒரு ஆள் இல்லையே என்று தோன்றியது. அந்த வேலையை நான் பார்த்திருக்கிறேன் என்பதால் அப்படித் தோன்றியிருக்கலாம்.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. மின்துறையில் புதிதாகச் சேர்ந்த எழுத்தர். முன்பு பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட உழவர்கரையில் எங்கள் குடியிருப்புக்கு ஒரு சங்கம் இருந்தது. கையெழுத்து அழகாக இருக்கிறது என்ற ஒரே தகுதியில் என்னை அதற்குச் செயலாளர் ஆக்கியிருந்தார்கள். நோட்டீஸ் எழுதுவேன், நாற்காலி போடுவேன், கூட்டம் நடந்தால் பேச்சாளருக்கு நேரம் முடிந்ததும் மேசை மணியைத் தட்டுவேன்.

தலைவர் அந்துவான். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். எங்களுக்கு அவர் ‘முசே’, அதாவது பிரெஞ்சில் ‘ஐயா’. கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை, நிமிர்ந்த நடை. கிறிஸ்துமஸ் வந்தால் அவர் வீட்டில் விவிக்கம் கேக் செய்வார்கள். ரம்மில் ஊறிய திராட்சையும் ஆரஞ்சுத் தோலும் சேர்ந்து மணக்கும் அந்த வாசனை எங்கள் வீடு வரைக்கும் வரும். பின்னாலேயே கேக்கும் வரும். நான் அதைத் தின்று வளர்ந்தவள். இதை ஏன் சொல்கிறேன் என்றால், அப்படிப்பட்ட மனிதருக்குத்தான் நான் துரோகம் செய்தேன்.

ஒரு ஞாயிறு மாலை சங்கக் கூடத்தில் விவாதம் வைத்தோம். ‘நம் நாட்டு ஜனநாயகம் நலமா?’ என்று தலைப்பு. கல்லூரி ஆசிரியர் ஒருவர் நலமில்லை என்றார்; வங்கி அதிகாரி ஒருவர் நலமே என்றார். நான் சரியாக மணி அடித்தேன். கடைசியில் நடுவராகத் தீர்ப்புச் சொல்ல முசே எழுந்தார்.

“நாக்காலியில உக்காந்தவங்க எழுந்திருக்கவே மாட்டேங்கிறாங்க. அதுதான் வியாதி” என்றார். பலத்த கைதட்டல்.

கைதட்டல் ஓய்ந்ததும் ஒரு பெண்மணி எழுந்தார். அஞ்சலையம்மா. கடலோரப் பிள்ளைச்சாவடிக்காரர், பெரிய மார்க்கெட்டில் மீன் விற்ற சம்பாத்தியத்தில் எங்கள் குடியிருப்பின் மூன்றாவது தெருவில் வீடு கட்டி வந்தவர். அந்தத் தெருவுக்கு மட்டும் குடிதண்ணீர்க் குழாய் வரவில்லை. மூன்று வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். பார்க்கலாம் என்று முசே சொல்லிக்கொண்டிருந்தார்.

“முசே, நம்ம சங்கத்துக்குக் கடைசியா எப்ப எலெக்‌ஷன் வச்சீங்க?”

பதினோரு வருடமாக வைக்கவில்லை என்பது எல்லோருக்கும் தெரியும்.

“இது தேசத்தப் பத்தின கூட்டம்மா” என்றார் முசே.

“எங்க மூணாவது தெருவும் தேசத்துலதானே இருக்குது?”

பதற்றத்தில் நான் மணியை அடித்துவிட்டேன். சத்தியமாக அஞ்சலையம்மாவை உட்காரவைக்கத்தான் அடித்தேன். அவர் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, “மணி அடிச்சாச்சு முசே. உங்க நேரம் முடிஞ்சுதாம்” என்றார்.

கூடம் வெடித்துச் சிரித்தது. முசேயின் முகம் சிவந்தது. பிறகு அவர் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, “அந்தம்மா கேட்டது நியாயம். இப்பவே வச்சிடலாம்” என்றார்.

என் நோட்டுப் புத்தகத் தாள்களைக் கிழித்தோம். பிஸ்கட் டின்தான் ஓட்டுப் பெட்டி. முசேயும் அஞ்சலையம்மாவும் போட்டி. எண்ணியது நான். ஒரு சீட்டில், ‘யாரா இருந்தாலும் சரி, கொசுவுக்கு மருந்து அடிக்கவும்’ என்று எழுதியிருந்தது, செல்லாத ஓட்டு. அஞ்சலையம்மா இரண்டு ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார். அவருக்கு விழுந்ததில் ஒன்று என்னுடையது. நான் மாற்றிப் போட்டிருந்தால் சமமாகியிருக்கும். பயத்தில் முசேயின் பக்கம் திரும்பவே இல்லை. அவர் எழுந்து விறைப்பாக நின்று, அஞ்சலையம்மாவுக்கு ஒரு பட்டாளத்து சல்யூட் வைத்தார்.

மறுநாள் காலையில் கூடத்துச் சாவியையும் சங்கப் பதிவேடுகளையும் ஒப்படைக்க வந்தார். பதிவேடுகள் எல்லாம் பிரெஞ்சில் இருந்தன.

“இதுல என்னா எழுதியிருக்குது முசே?” என்று கேட்டார் புதுத் தலைவி.

“பெரும்பாலும் நான் பேசினதுதாம்மா.”

அப்புறம் நடந்ததைத்தான் நான் அடிக்கடி நினைத்துப் பார்க்கிறேன். கோபித்துக்கொண்டு வராமல் இருந்துவிடுவார் என்று நினைத்தோம். மனிதர் ஒரு கூட்டம் தவறவில்லை. மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து, கையில் குறிப்போடு, “மதாம், ஒரு கேள்வி” என்று எழுவார். “அய்யோ, ஆரமிச்சிட்டாரு” என்று அஞ்சலையம்மா தலையில் அடித்துக்கொள்வார். ஆனால் பதில் சொல்லாமல் விட்டதில்லை. குழாய்க்கான மனுவை முசேதான் எழுதினார். அதைக் கொண்டுபோய், கையெழுத்து வாங்காமல் நகரமாட்டேன் என்று அலுவலகத்தில் உட்கார்ந்தவர் அஞ்சலையம்மா. நாலே மாதத்தில் தண்ணீர் வந்தது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை தேர்தலும் வந்தது. மூன்றாவது தேர்தலில் அஞ்சலையம்மா தோற்றார். “அப்பாடா, இனிமே நான் கேள்வி கேக்கலாம்” என்று முசேக்குப் பக்கத்து நாற்காலியில் போய் உட்கார்ந்துகொண்டார்.

இருவரும் இப்போது இல்லை. கூடம் இருந்த இடத்தில் கார்கள் நிற்கின்றன. போட்டியிட ஆள் வராமல் சங்கமும் தானாகவே நின்றுபோனது. போன மாதம் எங்கள் தெருவிளக்கு எரியாமல் போயிற்று. அவரவர் வாசலில் அவரவர் ஒரு பல்பை மாட்டிக்கொண்டோம். வாருங்கள், கூடிப் பேசுவோம் என்று யாரும் யாரையும் கூப்பிடவில்லை. நானும்தான்.