மாமனார் கையில் ஊதாத் திட்டுகள்

அடுத்த வீட்டு முத்துப்பேச்சி அக்கா நான்கு வருடமாக மாமனாரைத் தூக்கி உட்காரவைத்து, ஊட்டி, குளிப்பாட்டி வந்தாள். புருஷன் லாரியோடு கேரளாவுக்குப் போனால் வர வாரமாகும். மாமனார் சங்கிலிக்கு எழுபத்தைந்து வயது. திண்டுக்கல்லில் தோல் பதனிடும் ஷாப் ஒன்றில் நாற்பது வருடம் தோல் சுரண்டியவர். இப்போது கால் வராது. மத்தியானம் சுவரில் சாய்ந்தால் அக்கா உட்கார்ந்தபடியே தூங்கிவிடுவாள்.

1963 மார்கழியில், ஒரு வெள்ளிக்கிழமை, சங்கிலியின் மூத்த மகன் மூக்கையா செம்பட்டியிலிருந்து வந்தார். அப்பாவின் முன்கைகளில் ஊதா நிறத்தில் திட்டுத்திட்டாய் இரத்தம் கட்டியிருந்ததைப் பார்த்தார்.

"அடிச்சியா, கிள்ளுனியா?"

"தூக்கிவிடப் பிடிச்சதுதான். வேற என்னத்தச் செஞ்சேன்?" என்றாள் அக்கா.

"ஏலே, வலியே இல்லடா," என்றார் சங்கிலி. "கெழட்டு மாட்டுத் தோலு. அம்புட்டுத்தான்."

"இவளுக்குப் பயந்து சொல்றாரு!" மூக்கையா தெருவையே கூட்டிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை அப்பாவைக் கூட்டிப்போவதாகவும், லாரிக்குப் போன தம்பி வந்ததும் இவளைப் பிறந்த வீட்டுக்கு அனுப்பச் சொல்லப்போவதாகவும் சத்தம் போட்டார்.

அக்கா என் பக்கம் திரும்பினாள். "நீ படிச்சவன்தானே தம்பி. சொல்லேன்."

எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான், விலங்கியல். வயதானால் தோல் மெலியும், நுண்ணிய இரத்தக் குழாய்களைத் தாங்கும் நார்கள் குறையும், லேசான உரசலிலேயே குழாய் கசியும், கசிந்ததை அப்புறப்படுத்தும் உயிரணுக்களும் தளர்ந்துபோவதால் கறை வாரக்கணக்கில் நிற்கும் என்று சொன்னேன். ஆனால் கல்லூரி நுண்ணோக்கியில், கண்ணாடித் துண்டில் ஒட்டிய தோலைத்தான் நான் பார்த்திருக்கிறேன். இந்தக் கையிலும் அதுதான் நடந்ததா, அல்லது அக்காவுக்காக அப்படி நம்ப விரும்புகிறேனா?

"புத்தகத்த மூடு அப்பு," என்றார் மூக்கையா. "நாளைக்குச் சனிக்கிழமை. எண்ணெய் தேச்சு நானே ஊத்துறேன். இவ கை படவே கூடாது."

அப்படியே செய்தார். நல்லெண்ணெயைக் காய்ச்சி, பாசத்தோடு அழுத்தித் தேய்த்தார். முன்கையைப் பிடித்துத் தூக்கி உட்காரவைத்தார். அக்கா அடுப்படியை விட்டு வரவில்லை.

மறுநாள் காலை, ஊருக்குக் கிளப்ப அப்பாவுக்குச் சட்டை மாட்டும்போது இடது முன்கையில் நான்கு புதுத் திட்டுகள், வரிசையாக. மூக்கையா தன் விரல்களை அவற்றின்மேல் வைத்துப் பார்த்தார். பிறகு அப்பாவின் சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டார். தனியாகவே பஸ்ஸுக்கு நடந்தார்.

அக்கா முகத்தில் சந்தோஷம் எதுவும் இல்லை.

"சரி தம்பி, அப்ப கையப் பிடிக்காம எப்படித்தான் தூக்குறது?"

அவள் பழைய சேலை ஒன்றை நாலாக மடித்து, மாமனாரின் முதுகைச் சுற்றி அக்குளுக்கடியில் கொடுத்து, ஒரு முனையை என்னிடம் நீட்டினாள்.

"பிடி. மெதுவா."