வாயசைக்க வைக்காதே தாயே என்று சண்டை போட்டேன்

போன தை மாதம் எங்கள் இசைக்குழுவைக் கலைத்துவிடுவது என்று தீர்மானித்தேன். பூதலூர் பக்கம் இருபத்திரண்டு வருடமாக நாங்கள் நடத்திவரும் மெல்லிசைக் குழு அது. நான் பாடகி. என் கணவர் சேவியர் கீபோர்டு. கலியமூர்த்தி அண்ணன் தபேலா. இன்னும் ஐந்து பேர். அழுது எடுத்த முடிவு இல்லை அது. வயிறெரிந்து எடுத்த முடிவு.

கதிர் முற்றி நின்ற நேரத்தில் மழை கொட்டி சம்பா முழுக்கச் சாய்ந்துவிட்டது. விளைச்சல் இல்லாத வருடத்தில் ஊர் திருவிழாவைச் சுருக்குவது நியாயம்தான், நானும் விவசாய வீட்டுப் பெண்தான். ஆனால் எதைச் சுருக்கினார்கள்? வாணவேடிக்கை குறையவில்லை. தெரு முழுக்க சீரியல் லைட்டு குறையவில்லை. கமிட்டிக்காரர்கள் முகம் போட்ட பிளக்ஸ் ஒன்றுகூடக் குறையவில்லை. எங்களைத்தான் முதலில் வெட்டினார்கள்.

"பாட்டுதானேம்மா, போன்லயே கெடக்கு" என்றார் ஒரு கமிட்டித் தலைவர். இன்னொருவர் பெரிய மனசு பண்ணி, "இந்த வருசம் சும்மா வந்து பாடிட்டுப் போங்க, சாப்பாடு போட்டுடறோம். உங்களுக்கும் விளம்பரம்தானே" என்றார். பந்தல்காரரிடம் அவர் இப்படிக் கேட்பாரா? சமையல்காரரிடம் கேட்பாரா? பாடுகிறவளுக்கு மட்டும்தான் வயிறு இல்லையா? நம் பங்குக் கோயில் திருவிழாவிலும் இதே கதைதான். தேர்பவனி முடிந்ததும் ஸ்பீக்கர் பெட்டியில் பாட்டைப் போட்டுவிட்டுக் கலைந்து போனார்கள். அந்தக் கமிட்டியில் இருந்தவர்கள் இதை வாசித்துக் கோபப்பட்டால் படட்டும். அவர்களைவிட எனக்குக் கோபம் அதிகம்.

மாசி பிறப்பதற்குள் கலியமூர்த்தி அண்ணன் துபாய் குடோன் வேலைக்கு விசா எடுக்க ஏஜெண்டிடம் பாஸ்போர்ட்டைக் கொடுத்துவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் என் மூச்சு எந்த இடத்தில் நிற்கும் என்று எனக்கே தெரியாது, அவர் கைக்குத் தெரியும். அவர் போனால் குழு இல்லை.

அந்த நேரத்தில்தான் ஒரு விழாக் காண்ட்ராக்டர் கூப்பிட்டார். திருக்கடையூரில் ஓர் அறுபதாம் கல்யாணம். கோயிலில் சடங்கு முடிந்ததும் மண்டபத்தில் எங்கள் நிகழ்ச்சி. சந்தோஷத்தோடு என்னென்ன பாட்டு வேண்டும் என்று கேட்டேன். சிரித்தார்.

"பாட்டெல்லாம் பென்டிரைவ்ல ஓடும்மா. நீங்க பாடுற மாதிரி, வாசிக்கிற மாதிரி நின்னா போதும். மேடை நிறைஞ்சு இருந்தாத்தான் வீடியோவுக்கு எடுப்பா இருக்கும்."

எனக்கு உடம்பே கூசியது. ஆனாலும் ஒத்துக்கொண்டேன். எட்டு வீட்டில் அடுப்பு எரிய வேண்டுமே. மறுநாளே வேளாங்கண்ணிக்கு பஸ் ஏறினேன். மதிய வெயிலில் மாதா முன்னால் முழங்காலில் நின்றேன். செபமாலை சொல்ல வாய் வரவில்லை, சண்டைதான் வந்தது. "தாயே, இந்தக் குரலைக் கொடுத்தது உன் மகன்தானே? இன்னொருத்தி குரலுக்கு என்னை வாயசைக்க வைக்கிறாயே, உனக்கே இது நல்லாயிருக்கா? நிஜமாகப் பாடுகிற மேடை ஒன்று கொடு. இல்லையென்றால் கையெடுத்துக் கும்பிட்டுக் குழுவைக் கலைக்கத் தைரியமாவது கொடு." பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நான் கவலைப்படவில்லை.

விழா நாள் வந்தது. கீபோர்டு வயரைப் பிடுங்கிப் போட்டிருந்தார்கள். தபேலாவுக்கு மைக்கே இல்லை. என் கையில் கொடுத்த மைக்கில் பேட்டரி கிடையாது. பட்டுப்புடவை கட்டிக்கொண்டு ஐந்து பாட்டுக்கு வாயசைத்தேன். அவமானத்தில் காது சுட்டது.

ஆறாவது பாட்டு ஓடும்போது மேடைக்கு ஒரு சீட்டு வந்தது. மெல்லிசைக் கச்சேரியில் இது வழக்கம். விரும்பிய பாட்டைச் சீட்டில் எழுதி அனுப்புவார்கள். பாடகி படித்துவிட்டு அனுப்பியவரைப் பார்த்துத் தலையாட்டினால், அந்தப் பாட்டு வருகிறது என்று அர்த்தம். தலையாட்டிவிட்டுப் பாடாமல் போனால் அதைவிடப் பெரிய அவமரியாதை எங்கள் தொழிலில் இல்லை. அனுப்பியது மணையில் இருந்த அம்மா, செண்பகம். ஒரு பழைய பாட்டின் முதல் வரியை எழுதி, கீழே இப்படி எழுதியிருந்தார்: "இன்னிக்குப் போட்டதெல்லாம் அவருக்குப் பிடிச்ச பாட்டு. இது எனக்குப் பிடிச்சது."

இருபத்திரண்டு வருடப் பழக்கம். யோசிக்காமல் தலையாட்டிவிட்டேன். அந்த அம்மா மாலையைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து உட்கார்ந்து காத்திருந்தார்.

காண்ட்ராக்டரிடம் ஓடினேன். "லிஸ்ட்ல இல்லாத பாட்டுக்கு நான் எங்கம்மா போவேன்? பேசாம போய் நில்லுங்க" என்றார்.

"நான் தலையாட்டிட்டேன் சார். பாடித்தான் ஆகணும்."

"பாடுனா பேமென்ட் கிடையாது."

அந்த நிமிடம் என் பயம் விட்டுப்போனது. இது மாதா கொடுத்த தைரியம் என்று எந்தச் சபையிலும் சொல்வேன். செத்த மைக்கை அவர் மேசையில் வைத்துவிட்டு, மேடையைவிட்டு இறங்கி, அந்த அம்மாவுக்கு எதிரில் நின்று பாடினேன். பின்னால் ஸ்பீக்கர் அலறிக்கொண்டிருந்தது. கலியமூர்த்தி அண்ணன் தபேலாவைத் தூக்கிக்கொண்டு வந்து தரையில் உட்கார்ந்தார். ஒரு வரிகூட யாருக்கும் சரியாகக் கேட்டிருக்காது. மாப்பிள்ளைக் கோலத்தில் இருந்த பெரியவர் எழுந்து, "யோவ், அந்தப் பொட்டிய நிறுத்துய்யா! அவங்க பாடுறாங்கல்ல!" என்று கத்தினார்.

மண்டபம் அடங்கியது. முதலிலிருந்து பாடினேன். சேவியர் வயரைத் தேடிப் பிடித்துச் சொருகிவிட்டார். செண்பகம் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். "நாப்பது வருசமாச்சு, இந்தப் பாட்டு ஒனக்குப் பிடிக்கும்னு எனக்குத் தெரியாதே" என்றார் பெரியவர். அதற்குப் பிறகு எத்தனை சீட்டு வந்தது என்று எனக்குத் தெரியாது. பந்தி காய்ந்து கிடந்தது, சாப்பிட யாரும் எழுந்திருக்கவில்லை.

காண்ட்ராக்டர் சொன்னபடி ஒன்றும் கொடுக்கவில்லை. பெரியவர் தன் கையால் எங்கள் எட்டுப் பேருக்கும் வெற்றிலை பாக்கோடு பணம் வைத்துக் கொடுத்தார். மூன்று ஊர்க்காரர்கள் அங்கேயே பங்குனிக்கும் சித்திரைக்கும் கச்சேரி பேசிவிட்டுப் போனார்கள். எல்லாக் கமிட்டியும் திருந்திவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். பிளக்ஸ் இன்னும் தொங்கிக்கொண்டுதான் இருக்கிறது. நான்தான் மாறிவிட்டேன். ஓசியில் கேட்டால் முடியாது என்கிறேன். நடிக்கச் சொன்னால் எழுந்து வந்துவிடுகிறேன். அப்படியும் அடுப்பு எரிகிறது.

சகோதர சகோதரிகளே, மாதாவிடம் போகும்போது நல்ல பிள்ளை வேஷம் போடாதீர்கள். எரிச்சல் இருந்தால் எரிச்சலோடு போங்கள். அடித்துத் துரத்தமாட்டார், பிள்ளை எதற்குக் கத்துகிறது என்று தாய்க்குத் தெரியும். என்னை நம்பிப் போய்ப் பாருங்கள்.

கலியமூர்த்தி அண்ணன் ஏஜெண்டிடம் பாஸ்போர்ட்டைத் திரும்ப வாங்கிவிட்டார். அவர் வேதக்காரர் இல்லை, அய்யனார் கோயில் குடும்பம். மறுவாரம் ஒத்திகைக்கு எட்டுப் பேரும் கூடினோம். தபேலாவை மடியருகே இழுத்துக்கொண்டே, "அந்த அருள் நிறைந்த மரியே சொல்லும்மா, அப்புறம் ஆரம்பிப்போம்" என்றார். இத்தனை வருடமும் ஒத்திகைக்கு முன்னால் நான் சொல்கிற செபம் அது. சொல்ல ஆரம்பித்தேன். பாதியில் என் குரல் உடைந்தது. மீதியை அவர் சொன்னார்.